எஸ்க்ரோவில் பணம் இருக்கிறது என்றால், அது யார் கையில் இருக்கிறது?

கேள்வி:

ஐயா, கோத்தகிரி பக்கத்தில் அப்பா கட்டிய வீடு 11 சென்ட் மனையோடும், அதை ஒட்டி 40 சென்ட் தேயிலையும் எங்களுக்கு இருக்கின்றன. அப்பா, அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். அண்ணன், நான், தங்கை மூன்று பேர்தான் வாரிசு. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்து 1 கோடியே 40 லட்சத்துக்கு ஒருவர் கேட்கிறார். சொந்த ஊர் ஈரோடு, பல வருஷமாக அமெரிக்காவில் சான் ஹோசேயில் வேலை. அட்வான்ஸ் என்று கையில் எதுவும் தரமாட்டாராம். முழுப் பணத்தையும் அங்கே ஒரு எஸ்க்ரோ கம்பெனியில் போட்டுவிடுகிறேன், நீங்கள் பத்திரம் பதிந்து கொடுங்கள், பட்டா என் பெயருக்கு மாறியதும் பணம் தானாக வந்துவிடும் என்கிறார். இது ஏமாற்று வேலை என்கிறார் அண்ணன். வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் என்கிறாள் தங்கை. யார் சொல்வது சரி? கையெழுத்துப் போடலாமா?

— கோத்தகிரி வாசகி

பதில்:

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன மாதிரியே என்றால் போடாதீர்கள். அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டவும் வேண்டாம், உங்கள் கடிதத்தில் அப்படி நினைக்க எதுவும் இல்லை. அவர் இருக்கும் ஊரில் வீடு வாங்குவதும் விற்பதும் எஸ்க்ரோ வழியாகத்தான், அந்தப் பழக்கத்தில் பேசுகிறார். ஆனால் அந்த ஏற்பாட்டில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், விட்டுவிட்டு வந்த பாதி உங்களைக் காப்பாற்றும் பாதி.

நம் பக்கம் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் என்றால் முன்பணத்தை இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரிடம் கொடுத்து வைப்பார்கள், பத்திரம் முடிந்ததும் அவர் எடுத்துக் கொடுப்பார். அதையே லைசென்ஸ், ஒப்பந்தம், கணக்கு எண் சகிதம் செய்தால் எஸ்க்ரோ. கலிஃபோர்னியாவில் இதைச் செய்யும் எஸ்க்ரோ கம்பெனிகளுக்கு மாநில அரசின் லைசென்ஸ் வேண்டும், சொத்தின் உரிமையைச் சரிபார்த்து அதற்கு இன்சூரன்ஸ் தரும் டைட்டில் கம்பெனிகளும் செய்கின்றன. நியூயார்க் பக்கம் போனால் முன்பணத்தை வக்கீல்களே பிடித்து வைப்பார்கள். விலை படிந்ததும் வாங்குபவர் ஒரு முன்பணம் கட்டுவார், பெரும்பாலும் விலையில் 3 சதவீதத்துக்குள். அப்புறம் வீட்டைப் பரிசோதிக்க, கடன் கிடைக்குமா என்று பார்க்க அவருக்கு அவகாசம் உண்டு. அங்கே பரவலாகப் புழங்கும் அச்சுப் படிவத்தில் வேறு எதுவும் எழுதாவிட்டால் அது 17 நாள், அதற்குள் ஒத்துவரவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகிவிடலாம். விற்பவருக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தால் எஸ்க்ரோ அதிகாரியே அதை அடைத்துவிட்டு மிச்சத்தைத்தான் தருவார். எல்லாம் முடிய 30 முதல் 45 நாள் ஆகும்.

இப்போது தங்கையிடம் சொல்லவேண்டியது. அங்கே எஸ்க்ரோவுக்குப் போவது பணம் மட்டுமல்ல, விற்பவர் கையெழுத்திட்ட பத்திரமும் அதே அதிகாரியிடம்தான் போகிறது. இரண்டும் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் பத்திரத்தைக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பதிவுக்குக் கொடுப்பார், பதிவானதும் பணத்தை விடுவிப்பார், பெரும்பாலும் அதே நாளில். பணம் வராவிட்டால் பத்திரம் அதிகாரியின் மேசையை விட்டு நகராது.

நம் ஊரில் பத்திரத்தை யாரிடமும் அப்படிக் கொடுத்து வைக்க முடியாது. நீங்கள் மூன்று பேரும் சார்பதிவாளர் முன்னால் உட்கார்ந்து, போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, எழுதிக்கொடுத்தது நாங்கள்தான் என்று ஒத்துக்கொள்ளவேண்டும், அதன் பிறகு பதிவான அசல் பத்திரம் வாங்கியவர் கைக்குப் போகும். பதிவான கிரயத்தை அப்புறம் நீங்களாக ரத்து செய்ய வழியில்லை, கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். ஆக அவர் சொல்லும் திட்டத்தில் உங்கள் பக்கம் முழுதாகக் கொடுத்தாகிவிட்டது, அவர் பணம் மட்டும் பூட்டில் இருக்கிறது, சாவியோ பட்டா மாறுதலில் இருக்கிறது.

அந்தப் பட்டா விஷயத்தைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் இதுதான் கழுத்தைப் பிடிக்கும். உட்பிரிவு செய்யவேண்டிய தேவை இல்லாத சொத்தாக இருந்து, பட்டாவும் விற்பவர் பெயரிலேயே இருந்தால், பத்திரம் பதிவானதும் பட்டா தானாக மாற இப்போது ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பட்டா காலமான அப்பா பெயரில் இருக்கிறது. அது தானாக மாறாது, தாலுகா அலுவலகத்துக்குப் போகும், வாரிசுச் சான்று கேட்பார்கள், உட்பிரிவு என்றால் சர்வேயர் நேரில் வந்து அளக்கவேண்டும், மழைக்காலமாக இருந்தால் மலையில் அது எப்படிப் போகும் என்று நான் கோத்தகிரிக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. அத்தனை நாளும் உங்கள் 1 கோடியே 40 லட்சம் சான் ஹோசேயில் தூங்கும். அவர் விண்ணப்பத்தைச் சரியாகப் பின்தொடராமல் விட்டாலும் தூங்கும்.

பணத்தை விடுவிக்கும் நிபந்தனை எப்போதும் விற்பவர் தன் கையாலேயே காட்டிவிடக்கூடிய ஒரு தாளாக இருக்கவேண்டும். எஸ்க்ரோ பற்றி நீங்கள் என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கம்பெனி பெரியதா, வங்கி பெரியதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, அமெரிக்க எஸ்க்ரோ கம்பெனி இதற்குச் சரிப்படுமா? படாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், ஆனால் பணம் வங்கி வழியாக இந்தியாவுக்கு வந்திருக்கவேண்டும், அல்லது இங்கே உள்ள அவருடைய என்ஆர்இ, என்ஆர்ஓ, எஃப்சிஎன்ஆர் என்ற வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குகளிலிருந்து போகவேண்டும். அங்கே ஒரு கம்பெனியிடம் டாலரில் கட்டியது இங்கே விலை கொடுத்ததாக ஆகாது.

அதே சட்டத்தில் இன்னொன்று இருக்கிறது, இதை அவரும் கவனிக்கவில்லை, புரோக்கர் யாராவது இருந்தால் அவரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருப்பவரும் விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப்பயிர் நிலம் மூன்றையும் விலைக்கு வாங்கக்கூடாது. உங்கள் 40 சென்ட் தேயிலை அதில் வருகிறது. மலையில் வீடு தேடுகிற வெளிநாட்டுக்காரர்களில் பாதிப் பேருக்குத் தேயிலைக்கு நடுவில் வீடு என்பதுதான் கனவு, சட்டம் அந்தக் கனவில் வீட்டுக்கு மட்டும்தான் அனுமதி தருகிறது. எந்த எஸ்க்ரோவில் போட்டாலும் இது தீராது. அவருக்கு வீடும் மனையும் மட்டும், தேயிலை இங்கேயே குடியிருக்கும் வேறு யாருக்காவது என்று பிரிக்கவேண்டும். ஈரோட்டில் இருக்கும் தன் அப்பா பெயரில் தேயிலையை வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால், அது யார் பணம் என்பதையும் பினாமிச் சட்டத்தையும் அவருடைய வக்கீலிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பிரிக்கும்போது இரண்டு விஷயம். மனையும் தேயிலையும் தனித்தனி சர்வே எண்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே எண் என்றால் உட்பிரிவு செய்யவேண்டும், பிரித்துப் பதிய அங்கீகாரம் எதுவும் கேட்பார்களா என்று முன்கூட்டியே சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்புறம் வழி. நம் மலையில் பல வீடுகளுக்குத் தேயிலைக்குள் புகுந்து போகும் பாதைதான் வழி, அப்பா காலத்தில் இரண்டும் ஒருவருடையது என்பதால் யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். இத்தனை அடி அகலப் பாதை, வண்டி போகலாமா, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது, இதெல்லாம் இரண்டு பத்திரத்திலும் ஏறவேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு தேயிலை வாங்கியவர் ஒரு நாள் வேலி போடுவார், வீடு வாங்கியவர் உங்கள் மேல் கேஸ் போடுவார்.

இனி இங்கேயே எஸ்க்ரோ வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. வைக்கலாம். இந்திய வங்கிகள் எஸ்க்ரோ கணக்கு திறந்து தருகின்றன, வாங்குபவர், விற்பவர், வங்கி என மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம் அது. தனி வீட்டு விற்பனையில் நம் பக்கம் அதிகம் பழக்கமில்லை, உள்ளூர்க் கிளையில் கேட்டால் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ கைகாட்டுவார்கள், கட்டணமும் உண்டு, அதை யார் கட்டுவது என்று எழுதிவிடுங்கள் (கேட்டவர் அவர், அவரே கட்டட்டும்). வங்கி நியாயம் பேசும் ஆள் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஒப்பந்தத்தில் சொன்ன தாள் வந்ததா, வந்தால் கொடுப்பார்கள். தகராறு என்று ஒரு தரப்பு கடிதம் போட்டால், ஒப்பந்தத்தில் வழி சொல்லியிராவிட்டால், இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுக்கும்வரையோ கோர்ட் உத்தரவு வரும்வரையோ பணம் அசையாது. அங்கே உள்ள மாதிரி டைட்டில் இன்சூரன்ஸும் இதனுடன் வராது, சொத்தின் உரிமை சுத்தமாக இருக்கிறதா என்பதற்கு எஸ்க்ரோ பொறுப்பில்லை, வாங்குபவரின் வக்கீல் வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அதனால் அந்த ஒப்பந்தத்தில் பணம் விடுவிக்கும் பகுதி இந்த மாதிரி இருக்கவேண்டும்: "கிரயப் பத்திரம் பதிவாகி ஆவண எண் பெற்றதைக் காட்டும் வில்லங்கச் சான்றையோ பத்திரத்தின் சான்றிட்ட நகலையோ விற்பவர்களில் ஒருவர் வங்கியில் கொடுத்த 2 வேலை நாட்களுக்குள், வாங்குபவரின் மறு ஒப்புதல் தேவையின்றி, தொகை விடுவிக்கப்படவேண்டும்." வில்லங்கச் சான்றை பதிவுத்துறையின் இணையதளத்திலேயே யாரும் எடுக்கலாம், அவர் தயவு வேண்டியதில்லை. "மறு ஒப்புதல் தேவையின்றி" என்ற மூன்று சொல்லை அவர் வக்கீல் அடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். இன்ன தேதிக்குள் பதிவு நடக்காவிட்டால் பணம் அவருக்கே திரும்பும், ஒப்பந்தமும் முடிந்தது என்று ஒரு கடைசித் தேதியும் வேண்டும், அது அவருக்கும் நல்லது.

பதிவுக்குக் கொடுத்த பத்திரம் வழிகாட்டி மதிப்புத் தகராறிலோ ஏதாவது தாள் குறைந்தோ நிலுவையில் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். நீங்கள் கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்திருப்பீர்கள், எண் மட்டும் வந்திருக்காது. முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வாங்குபவர் செலவு, அதில் வரும் குறைவையும் அவரே உடனே கட்டவேண்டும் என்று இருக்கட்டும்.

அடுத்தது கிரயப் பத்திரத்தின் வாசகம். நம் பத்திர எழுத்தர்கள் பழக்கத்தில் "கிரயத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டு" என்று எழுதிவிடுவார்கள். பணம் எஸ்க்ரோவில் இருக்கும்போது நீங்கள் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால், பிரச்சினை வருகிற நாளில் முதலில் காட்டப்படும் தாள் அதுதான். அதற்குப் பதிலாக, தொகை இன்ன வங்கியின் இன்ன எஸ்க்ரோ கணக்கில் இருக்கிறது, அது விற்பவர்கள் கணக்கில் வரவாகும்வரை பாக்கித் தொகைக்கு இந்தச் சொத்தின் மேல் விற்பவர்களுக்குப் பாத்தியம் உண்டு என்று எழுதச் சொல்லுங்கள். கிரயப் பணம் பாக்கி இருக்கும் விற்பவருக்குச் சொத்தின் மேல் அந்தப் பாத்தியத்தை 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே தருகிறது, ஆனால் முழுவதும் வாங்கிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் அதைக் கேட்பது கஷ்டம்.

பட்டா மாறவில்லையே என்ற அவருடைய பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். முழுப் பணத்தையும் அதற்காகப் பிடித்து வைப்பதுதான் அநியாயம். ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ மட்டும் எஸ்க்ரோவில் நிற்கட்டும், பட்டா, மின் இணைப்பு, வீட்டு வரிப் பெயர் மாற்றங்கள் முடிந்ததும் வரட்டும், 90 நாளில் முடியாவிட்டாலும் வந்துவிடவேண்டும். அதைவிட நல்லது, பத்திரத்துக்கு முன்னாலேயே வாரிசுச் சான்றை வைத்துப் பட்டாவை உங்கள் மூன்று பேர் பெயருக்கும் மாற்றிவிடுவது. பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். அப்பா பிளான் வாங்காமல் பின்னால் ஒரு அறை இழுத்துக் கட்டியிருந்தால், மலைப்பகுதிக் கட்டடங்களுக்கு உள்ள 7 மீட்டர் உயர வரம்பில் ஏதாவது இடித்தால், அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தத்தில் "கட்டட அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தால்" என்று ஒரு வரி நுழைந்துவிட்டால், எஸ்க்ரோப் பணம் அந்த வரியில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கும்.

எஸ்க்ரோவில் உங்களுக்கு ஒரு நல்ல வசதியும் இருக்கிறது, அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். மூன்று பேருடைய கணக்கு எண்ணையும் பங்கையும் ஒப்பந்தத்திலேயே போட்டுவிட்டால் வங்கி நேராகப் பிரித்து அனுப்பிவிடும். ஒருவர் கணக்கில் மொத்தமாக வந்து அப்புறம் பிரிப்பதில் எத்தனை குடும்பத்தில் பேச்சு நின்று போயிருக்கிறது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு எதற்கு, எஸ்க்ரோ இல்லாமலே முடிக்கலாமே என்றால், தாராளமாக முடிக்கலாம், என் விருப்பமும் அதுதான். கிரய ஒப்பந்தம் ஒன்று எழுதி முன்பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள், தமிழ்நாட்டில் 2012இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து அந்த ஒப்பந்தத்தையும் பதியவேண்டும். பதிவு நாளில் மிச்சப் பணத்துக்கு டிடி வாங்கி வரச் சொல்லி, முந்தின நாளே அதன் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி, டிடி கொடுத்த கிளைக்கு நீங்களாக நம்பர் தேடிப் போன் செய்து சரிபாருங்கள், அவர் கொடுக்கும் நம்பருக்கு இல்லை. டிடி எண்கள் பத்திரத்தில் ஏறட்டும். ஆர்டிஜிஎஸ் (கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் வங்கி முறை) என்றால் 24 மணி நேரமும் போகும், ஆனால் பதிவு அலுவலகத்தில் உங்கள் போனில் சிக்னல் இருக்காது, அல்லது உங்கள் முறை வரும்போது சர்வர் நின்றிருக்கும், அதனால் பணம் கணக்கில் ஏறியதை எஸ்எம்எஸ்ஸில் பார்க்காமல் வங்கியில் விசாரித்துச் சொல்ல ஒரு ஆளை வெளியே நிறுத்தி வையுங்கள், அவர் ஏறிவிட்டது என்று சொன்ன பிறகு உள்ளே போங்கள். வாங்குபவரால் வரமுடியாது என்றால் இங்கே ஒருவருக்கு பவர் எழுதி இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்பட்டும், அந்தப் பவர் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டவேண்டும்.

பணமாக எதுவும் வாங்காதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். பாதி வெள்ளை பாதி கறுப்பு என்று பேசும் புரோக்கர்கள் நடுவில், முழுவதும் வங்கியில் தருகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார், அந்த வகையில் நல்ல கிராக்கி.

வரியில் ஒன்று மட்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (உங்கள் பெயரில் அரசுக்கு முன்கூட்டியே கட்டும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் தருவார். ஆளுக்கு 50 லட்சத்துக்குக் குறைவாகத்தானே வருகிறது என்று சொல்லமுடியாது, 2024 அக்டோபரிலிருந்து எல்லோர் பங்கையும் கூட்டித்தான் பார்க்கிறார்கள். மூன்று பேருடைய பான் எண்ணிலும் தனித்தனியாகக் கட்டவேண்டும், எஸ்க்ரோ என்றால் அதைக் கழித்தது போக எவ்வளவு விடுவிக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் தொகையாகவே போடுங்கள். மூலதன ஆதாய வரிக்கு ஆடிட்டரைப் பாருங்கள். அப்பா 2001க்கு முன் வாங்கியது என்றால் அந்த வருஷம் ஏப்ரல் 1 மதிப்பை எடுத்துக்கொள்ள வழியுண்டு, தேயிலைக்குக் கணக்கு வேறாகவும் இருக்கலாம்.

அண்ணனுடைய சந்தேகத்துக்கும் ஒரு இடம் இருக்கிறது. எஸ்க்ரோ என்ற பெயரில் போலி இணையதளங்கள் உண்டு, உங்கள் பெயரில் 1 கோடியே 40 லட்சம் நிற்பதாகத் திரையில் காட்டும், அதை விடுவிக்க வரி, கட்டணம் என்று முதலில் நீங்கள் கொஞ்சம் கட்டச் சொல்லும். அப்படி ஒரு மெயில் வந்தால் அன்றோடு பேச்சை நிறுத்துங்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று நடுவில் மெயில் வந்தாலும் போனில் கேட்காமல் நம்பாதீர்கள், அமெரிக்காவிலேயே எஸ்க்ரோப் பணம் அதிகம் திருட்டுப் போகும் வழி அது.

இப்போதைக்குத் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கும் பட்டாவுக்கும் எழுதிப் போடுங்கள், தேயிலை விஷயத்தை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகும் அவர் நின்றால் விலையைத் திரும்பப் பேசலாம். எஸ்க்ரோ ஒப்பந்த வரைவு ஏதாவது அனுப்பினார் என்றால் பணம் விடுவிக்கும் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், ஆதார், பான், கணக்கு எண்களை மறைத்துவிட்டு.